நேற்று நான் சொன்னது தப்பு

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. காரணம் பயமும் இல்லை, மரியாதையும் இல்லை. பெயர் போட்டு எழுதினால் யாராவது ஒரு புண்ணியவான் அவருக்கு அனுப்பிவைப்பான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படிப்பார். பிறகு எனக்கு ஃபோன் வரும். "நல்லா எழுதியிருக்கீங்கப்பா. ஆனா நாலாவது பாராவுல என்னைப் பத்தி ஒண்ணு கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கீங்க" என்று ஆரம்பிப்பார். அது முடிவதற்குள் என் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். ஆகவே சார் என்றே இருக்கட்டும். நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம்.

அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பவர்களுக்கு உலகத்தில் பஞ்சமில்லை. சார் அந்த ரகம் இல்லை. அவர் தன் தப்பைக் கண்டுபிடிப்பவர். கண்டுபிடித்தால் கமுக்கமாக இருக்கலாம் அல்லவா? மாட்டார். யாரிடம் தப்பாகச் சொன்னாரோ அந்த ஆளைத் தேடிப் பிடித்து, "நேத்து நான் சொன்னது தப்பு" என்று சொன்னால்தான் அவருக்குச் சோறு இறங்கும். நாமெல்லாம் "சாப்டீங்களா" என்று கேட்பதுபோல அவர் வாயில் அது சாதாரணமாக வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்ததே அப்படித்தான். திருப்பத்தூரில் பி.காம். முடித்துவிட்டு, பெங்களூரில் ஒரு கால் சென்டரில் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தேன். பொம்மசந்திராவில் ஒரு சின்னக் கம்பெனிக்கு ஃபோன் எடுக்கவும் பில் போடவும் ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். சார் ஐந்து நிமிஷம் பேசினார். "இங்க டென்ஷனே இல்லப்பா, நிம்மதியா வேலை செய்யலாம்" என்றார். மறுநாள் காலையில் அவரிடமிருந்து ஃபோன். "நேத்து நான் சொன்னது தப்பு. டென்ஷன் இருக்கு. அது என்னாலதான் வருதுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. யோசிச்சு வாங்க." எவ்வளவு தன்னடக்கமான மனிதர் என்று நினைத்து அன்றைக்கே சேர்ந்துவிட்டேன். அது தன்னடக்கம் இல்லை, வெறும் தகவல் என்பது புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின.

அவர் வீடு அல்சூருக்குப் பக்கத்தில் ஜோகுபாளையத்தில். அப்பா மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், இரண்டிலும் சாருக்கு ஒரே சரளம். தெருமுனையில் யாரோ வழி கேட்டால் கன்னடத்தில் விளக்கமாகச் சொல்லி அனுப்புவார். ஆட்டோ திரும்பியதும், "அடடா, ரெண்டாவது லெஃப்ட் இல்ல, மூணாவது" என்று செருப்புச் சத்தம் கேட்க ஓடுவார். ஓடிப்போய்ப் பிடித்தும் விடுவார். அந்தத் தெரு நெரிசலில் ஆட்டோ எங்கே போய்விட முடியும்?

சாரின் மனைவி, எங்களுக்கு மேடம், ஒருமுறை காபி கொடுத்துக்கொண்டே சொன்னார்: "என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, காபி பிரமாதம்னாரு. எங்கப்பாவுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் ஃபோன் பண்ணி, 'பதட்டத்துல பிரமாதம்னு சொல்லிட்டேன், சுமாராத்தான் இருந்துச்சு, ஆனா பொண்ணைப் பத்திச் சொன்னதுல மாத்தமில்ல'ன்னாரு. அன்னிக்கே நான் உஷாராயிருக்கணும்." சார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "மறுநாள் இல்ல, அன்னிக்கு சாயங்காலமே பண்ணேன்" என்றார்.

இப்படிப்பட்ட மனிதர் ஜாதகம் எழுதுகிற தொழிலிலோ அரசியலிலோ இருந்திருந்தால் முதல் வாரமே துரத்தியிருப்பார்கள். அவர் இருந்தது அதைவிட மோசமான தொழில். கார்களுக்கு அலுமினிய ஹெட் செய்துகொண்டிருந்தார்.

ஹெட் என்பது எஞ்சினின் தலை. காற்று உள்ளே வரும் வழியும் புகை வெளியே போகும் வழியும் அதில்தான் இருக்கின்றன. கம்பெனி கொடுத்த தலையோடு ஓட்டுகிறவர்கள் உண்டு, அவர்கள்தான் நிம்மதியாக வீடு போய்ச் சேருகிறவர்கள். வேகப் பிரியர்கள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெளியே தனியாக வார்த்து விற்கிற அலுமினியத் தலையை வாங்கி மாட்டுவார்கள். வார்ப்பு கோயமுத்தூரிலிருந்து கரடுமுரடாக வரும். நாங்கள் அதன் காற்று வழியைக் குடைந்து, வழித்து, வழுவழுப்பாக்கிக் கொடுப்போம். வழி அகலமானால் காற்று அதிகம், காற்று அதிகமானால் வேகம் அதிகம். ஆனால் அந்த வழிக்கு மறுபக்கம் எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு அலுமினியச் சுவர். வழியை அகலப்படுத்த அகலப்படுத்தச் சுவர் மெலியும். மெலிந்த சுவர் ஒருநாள் விரிசல் விட்டால் தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கிவிடும், அத்தோடு வண்டியின் கதை முடிந்தது. எங்கள் தொழிலின் தர்மசங்கடம் முழுவதும் அந்தச் சுவரில்தான் இருந்தது.

இந்த ஹெட் போட்ட வண்டிகளுக்கு வேகத்தில்தான் உயிர் வரும். மெதுவாகப் போனால் சீக்காளி மாதிரி இருமும். மெட்ரோவுக்குத் தூண் மட்டும் நின்று ரயில் வராத காலம் அது. ஓசூர் ரோட்டில் சில்க் போர்டு சந்திப்பில் நின்றால் காலை டிபன் செரித்துவிடும். அந்த ரோட்டில் தினமும் ஊர்ந்து போகிற பிள்ளைகள்தான் எங்களிடம் வந்து, "சார், ஏர்ஃப்ளோ இன்னும் கொஞ்சம் ஏத்த முடியுமா?" என்று கேட்பார்கள். ஏற்றிக் கொடுப்போம். ஏற்றிய வண்டியோடு போய் மறுபடி அதே சிக்னலில் நிற்பார்கள்.

அவர்கள் உண்மையில் வாங்கியது ஹெட்டை அல்ல, நம்பரை. சார் தன் கையாலேயே ஒரு ஃப்ளோ பெஞ்ச் செய்து வைத்திருந்தார். படுக்கப்போட்ட பீரோ அளவுக்கு ஒரு மரப்பெட்டி, உள்ளே காற்றை உறிஞ்சும் மோட்டார்கள், மேலே ஒரு வாய். அந்த வாய்மேல் ஹெட்டை உட்கார வைத்து மோட்டாரைப் போட்டால், எவ்வளவு காற்று போகிறது என்று மீட்டர் நம்பர் காட்டும். அந்த நம்பரை வாட்ஸப் குரூப்பில் போட்டால்தான் வாங்கியவனுக்குப் பிறவிப் பயன்.

தினமும் காலையில் முதல் வேலை, பெஞ்சின் வாயை ஒரு ரப்பர் பாயால் மூடி மோட்டாரைப் போட்டுப் பார்ப்பது. காற்று எந்தப் பக்கமும் ஒழுகவில்லை என்றால் மீட்டர் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நின்றது. சாமிக்கு விளக்கேற்றுகிற பக்தியோடு சார் அதைச் செய்வார், பூஜ்யத்தைப் பார்த்துத் தலையாட்டுவார், அப்புறம்தான் டீ. ஒருநாள் அந்தப் பாய் கிழிந்துபோனது. எங்கள் மெஷின் வேலைகளைப் பார்த்தவர் தங்கவயல்காரர், அண்ணன் என்போம். அவர் புதிதாக ஒரு பாய் வெட்டிப் போட்டார். பழையதைவிட அது கொஞ்சம் சின்னது. மோட்டாரைப் போட்டதும் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கவில்லை.

சார் தரையில் மண்டியிட்டு, ஊதுபத்தி கொளுத்திப் பெட்டியைச் சுற்றிக் காட்டினார். பெஞ்சின் வாயைச் சுற்றி இருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. புகை அதற்குள் அழகாகப் போனது. பழைய பாய் பெரியதாக இருந்ததால் தினமும் வாயோடு சேர்த்து அந்த வெடிப்பையும் மூடியிருக்கிறது. சோதனையின்போது ஒழுக்கு இல்லை. பாயை எடுத்து ஹெட்டை வைத்ததும் ஒழுக்கு திறந்துகொள்ளும், பக்கவாட்டில் புகுந்த காற்றும் ஹெட்டின் கணக்கில் சேர்ந்துவிடும். எத்தனையோ மாதமாக நாங்கள் கொடுத்த நம்பரெல்லாம் இப்படி ஊதிப்போன நம்பர்தான்.

"ரப்பரை மாத்திட்டு வேலையப் பாக்கலாம் சார்" என்றேன். "வண்டி அதே வண்டிதானே? நல்லாத்தானே ஓடுது?"

"வண்டி நல்லா ஓடுதுப்பா. நான் சொன்னது தப்பாச்சே" என்றார் சார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்.

"சும்மா கெடந்த சங்கை ஊதிட்டாருப்பா" என்றார் தங்கவயல் அண்ணன்.

எதிர்முனையில் பேசியவர்களுக்குச் சமாதானம் சொல்வது என் வேலையாகிவிட்டது. ஒருவன், "சார், நேத்து வரைக்கும் வண்டி பறந்துச்சு. நீங்க ஃபோன் பண்ணதுலேருந்து இழுக்கவே மாட்டேங்குது, என்ன பண்ணீங்க?" என்றான். இன்னொருவன், "அந்த நம்பரைச் சொல்லித்தான் வீட்டம்மாகிட்ட பர்மிஷனே வாங்கினேன், இப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறது?" என்று புலம்பினான். எலெக்ட்ரானிக் சிட்டியில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒருவர் மிகவும் நிதானமாக ஒரு யோசனை சொன்னார்: "பழைய ரப்பரையே மறுபடி போட்டு டெஸ்ட் பண்ணி, பழைய நம்பரையே குடுத்துடுங்களேன். உங்களுக்கும் கஷ்டமில்ல, எனக்கும் கஷ்டமில்ல." நன்றி என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. தன் எஞ்சினில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள யாருக்கும் ஆசை இல்லை என்பதை அந்த வாரத்தில் கற்றுக்கொண்டேன்.

சிவாஜிநகரில் இதே தொழில் செய்த இன்னொருவர் இருந்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்துக்குள் கடை. நல்ல கைவேலைக்காரர், அதைவிட நல்ல வாய்வேலைக்காரர். அவரிடமும் ஒரு பெஞ்ச் இருந்தது. அது பூஜ்யத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. எங்கள் நம்பர் இறங்கிய மாதத்திலிருந்து எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக அவர் பக்கம் சாய்ந்தார்கள். எங்களிடம் புதிதாக வந்தது ஒரே ரகம்: பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள். விற்கிறவன் சொன்ன நம்பர் நிஜமா என்று சாரிடம் கேட்டுப் போவார்கள். வாங்கும்போது சார் வேண்டும், விற்கும்போது சார் வேண்டாம். சாரின் உண்மைக்கு ஊரில் அவ்வளவுதான் மரியாதை.

அந்த நேரத்தில்தான் ரேஸ்காரர் வந்தார். சொந்தமாக ஒரு டீம் வைத்து கார் ரேஸ் நடத்துகிறவர். வசதியான வீட்டுப் பிள்ளை, கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். வந்து உட்கார்ந்ததும், "இந்த ஊருல தன் நம்பரைத் தானே குறைச்சுக்கிட்டவர் நீங்க ஒருத்தர்தான்னு கேள்விப்பட்டேன். அதுக்காகவே வந்தேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த சீசனுக்கு டீம் முழுக்கத் தேவையான ஹெட் எல்லாம் ஒரே இடத்தில் செய்யப்போவதாகச் சொன்னார். எங்களுடையதில் ஒன்று, சிவாஜிநகர்க்காரருடையதில் ஒன்று, இரண்டையும் எங்கள் பெஞ்சிலேயே ஏற்றிப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். அவர் போன பிறகு சார் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த ஆர்டர் வந்தா கடை இருக்கும். வரலேன்னா ஆயுத பூஜையோட மூடவேண்டியதுதான்." மறுநாள் அவர் இதைத் திருத்துவார் என்று எதிர்பார்த்தேன். திருத்தவில்லை.

சோதனை நாளன்று காலையில் தங்கவயல் அண்ணன் மெஷினுக்கெல்லாம் எலுமிச்சம்பழம் சுற்றினார். முதலில் எங்கள் ஹெட். நல்ல நம்பர், சுத்தமான நம்பர். அடுத்து சிவாஜிநகர் ஹெட். மீட்டர் எங்களுடையதைத் தாண்டி ஏறியது. சார் மோட்டாரை நிறுத்தி, ரப்பர் பாயைப் போட்டு மூடி, பூஜ்யம் பார்த்து, மறுபடி அந்த ஹெட்டை ஏற்றினார். மறுபடியும் அதே நம்பர்.

"இவங்க ஹெட்டுல காத்து நல்லாப் போகுது. எங்களதைவிட" என்றார் சார்.

"அப்ப என்ன பண்ணலாம்?" என்றார் ரேஸ்காரர்.

"இதையே போடுங்க."

ரேஸ்காரர் எழுந்து சாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹெட்டை நாளைக்கு ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ரேஸ்காரர் புறப்பட்டார்.

சார் அதோடு விட்டிருந்தால் அவர் சார் இல்லையே. இவ்வளவு காற்று எப்படிப் போகிறது என்று அவருக்கு அரித்தது. மத்தியானம் அந்த ஹெட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, சுவர்க் கனம் பார்க்கிற கருவியை வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருள் அது. சத்தத்தை உலோகத்துக்குள் அனுப்பும். அது மறுபக்கம் மோதித் திரும்பி வருகிற நேரத்தை வைத்து எவ்வளவு கனம் என்று சொல்லும். ஒரு வழியின் அடியில், ஓரிடத்தில், சுவர் அப்பளம்போல மெலிந்திருப்பதாகக் காட்டியது. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். திரும்பத் திரும்ப அதையே காட்டியது.

ரேஸ்காரரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "காலையில நான் சொன்னது தப்பு. காத்தை மட்டும் பாத்து 'போடுங்க'ன்னுட்டேன். ஒரு இடத்துல சுவரு ரொம்ப மெலிசா இருக்கு. இது ரேஸுக்குத் தாங்காது. போடாதீங்க."

எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "சார், காலையில உங்களைக் கும்பிடணும்னு தோணுச்சு. சாயங்காலத்துக்குள்ள நீங்களும் கடைக்காரர்தான்னு காமிச்சிட்டீங்களே."

சாரைத் திட்டியவர்கள் உண்டு, கிறுக்கு என்றவர்கள் உண்டு. அவர் சொல்வது பொய் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. தனக்கு நஷ்டம் வருகிற உண்மையாகவே சொல்லிச் சொல்லிப் பெயர் வாங்கிவிட்டார். முதன்முதலாகத் தனக்கு லாபம் வருகிற ஒரு உண்மையைச் சொன்னார், அதை நம்ப ஆள் இல்லை.

"சரி" என்றார் சார். "ஆர்டர் எனக்கு வேண்டாம். கோயமுத்தூர்ல ஒருத்தர் இருக்காரு, நம்பர் அனுப்பறேன். என்னைவிட லேட் பண்ணுவாரு, ஆனா சுவருல கை வெக்க மாட்டாரு. அவருக்குக் குடுத்துடுங்க. இந்த ஹெட்டை மட்டும் போடாதீங்க. இப்ப நம்புவீங்களா?"

நான் அவர் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கப் போனேன். தங்கவயல் அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நம்பறேன் சார்" என்றது ஃபோன், குரல் மாறி. "அந்த ஹெட்டைக் குப்பையில போட்டுடுங்க."

சார் உட்கார்ந்து, ஆறிப்போன டீயை எடுத்து, ஆர்டர் கிடைத்தவர்போல நிதானமாகக் குடித்தார். எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் சொல்ல முடியும். எங்கள் எல்லோருடைய பிழைப்பையும் தூக்கி, ஒரு வாக்கியம் நம்பப்படுவதற்காகக் கொடுத்துவிட்டார். மேடத்திடம் சொன்னபோது, "ஆர்டர் போனதுகூடப் பரவாயில்ல. போயிடுச்சுன்னு சிரிச்ச முகத்தோட வந்து நின்னாரு பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல" என்றார்.

ஆயுத பூஜையன்று மெஷின்களுக்குப் பொட்டு வைத்துப் பொரி கொடுத்தோம். பூஜை லீவு முடிந்ததும், மெஷின்களை வாங்கியவர் அனுப்பிய வேன் வந்தது. அறுப்பு மெஷினைக் கழற்றுவதற்கு முன்னால் என் கண்ணில் அந்த சிவாஜிநகர் ஹெட் பட்டது. மூலையில் தூசி படிந்து கிடந்தது.

"இதை அறுத்துப் பாத்துடலாம் சார். எதுக்காகக் கடையை மூடறோம்னு கண்ணால பாத்துட்டுப் போயிடறேன்" என்றேன். மெலிந்த சுவரைப் பார்த்தால் என் மனசு ஆறும் என்று நினைத்தேன்.

தங்கவயல் அண்ணன் சரியாக அந்த இடத்தில் வைத்து அறுத்தார். துண்டு கழன்று விழுந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். சுவர் திடமாக, எங்கள் ஹெட்டின் சுவருக்குச் சமமான கனத்தில் இருந்தது. அதன் நடுவில், வார்க்கும்போது மாட்டிக்கொண்ட ஒரு சின்னக் காற்றுக் குமிழியின் பாதி தெரிந்தது. கருவி அனுப்பிய சத்தம் சுவரின் மறுபக்கம் வரை போகவே இல்லை. அந்தக் குமிழியில் மோதிப் பாதி வழியிலேயே திரும்பி வந்திருக்கிறது. அவ்வளவு கனத்துக்கு நடுவே அந்தக் குமிழி ஒரு கெடுதலும் செய்யாது. வாழ்நாள் முழுக்கக் காற்றை அளந்த மனிதரைத் துளியூண்டு காற்று ஏமாற்றிவிட்டது.

தங்கவயல் அண்ணன் சட்டென்று அந்தத் துண்டை எடுத்துப் பழைய இரும்புச் சாக்கில் போட்டார். "இது நம்ம மூணு பேரோட போவட்டும் சார். கடையே போச்சு, இதுக்கு மேல என்ன இருக்கு?" என்றார். சார் சாக்கில் கையை விட்டுத் துண்டை வெளியே எடுத்தார். இன்னொரு கையில் ஃபோன் இருந்தது.

ரேஸ்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். கோயமுத்தூர் ஹெட் எல்லா வண்டியிலும் மாட்டி ஆயிற்று, வண்டிகளும் ஓடுகின்றன. "சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க எந்தக் கட்சி?" என்றார். சாருக்குக் கேள்வி புரியவில்லை. "அந்த சிவாஜிநகர்க்காரரு வேலையில தப்பில்ல. நீங்க அவரைத் தப்பா நெனச்சிடக் கூடாது, அதுக்குத்தான்" என்றார் சார்.

மறுநாள் காலையில் எனக்கு ஃபோன் வந்தது. "சிவாஜிநகர் வரைக்கும் போகணும்ப்பா. வர்றீங்களா?" அந்த ஆள் எங்களை ஊர் முழுக்க ஏசிக்கொண்டிருந்தார். தன் ஆர்டரை வாய் வார்த்தையாலேயே கெடுத்தவர் என்று சாரைப் பற்றிக் கடைக்குக் கடை சொல்லியிருந்தார். தனியாக அனுப்ப மனமில்லாமல் போனேன்.

கறிக்கடைகளையும் துணிக்கடைகளையும் தாண்டி அந்தச் சந்துக்குள் நுழைந்தோம். சார் மஞ்சள் பையிலிருந்து துண்டை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தார். "உங்க சுவரு மெலிசுன்னு ரேஸ்காரர்கிட்ட சொன்னவன் நான்தான். தப்பு என்னோடது. சுவரு நல்லா இருக்கு. நடுவுல கடுகளவு காத்து, அதை வெச்சு நான் ஏமாந்துட்டேன். அவருக்கும் சொல்லிட்டேன். உங்களுக்கும் நேர்ல சொல்லணும்ல?"

சிவாஜிநகர்க்காரர் துண்டைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அரே சார், இதை அறுக்கச் சொல்லி யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல."

"அறுத்தது வெளிய யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது."

"ஆர்டர் உங்களுக்காச்சும் வந்துச்சா?"

"கோயமுத்தூருக்குப் போயிடுச்சு."

அவர் எங்கள் இருவருக்கும் நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். ஏசுவதற்காக வைத்திருந்த வார்த்தைகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது. நாங்கள் எழுந்தபோது சாரின் முன்னால் கையைக் கூப்பினார். "உங்களைக் கேட்டுக்கறேன் சார். இனிமே என்னைப் பத்தி யார்கிட்டயும் உண்மை சொல்லாதீங்க. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார் சார். முகம் தெளிவாக இருந்தது. எனக்கும் ஒரு வழியாக முடிந்தது என்று இருந்தது. பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து, நாலு அடி நகர்ந்து, நெரிசலில் நின்றுபோனது. சார் பையைத் திறந்து துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அவர்கிட்ட கடுகளவுன்னுதானே சொன்னேன்?"

"ஆமா சார்."

"கடுகு இல்லப்பா இது. மிளகு."

"சார், அவரே கண்ணால பாத்தாரு."

"பாத்தாரு. ஆனா நான் சொன்னது கடுகுன்னு." அதற்குள் எழுந்துவிட்டார். "நீங்க வீட்டுக்குப் போங்க. நான் ஒரு எட்டு போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆட்டோக்களுக்கு நடுவே கையைக் காட்டிக் காட்டி அவர் ரோட்டைக் கடப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். முன்சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தார். பஸ் நகர ஆரம்பித்தது. நான் கண்டக்டரைத் தள்ளிக்கொண்டு குதித்து இறங்கி, "சார், நில்லுங்க சார்" என்று கத்திக்கொண்டே அவர் பின்னால் ஓடினேன். பாதி ரோட்டைத் தாண்டிய பிறகுதான், முந்தின நாளோடு நான் அவரிடம் வேலையில் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.